கிராங்க் புல்லியும் முன் ஆயில் சீலும் வீட்டிலேயே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜின் முன்பக்கம் ஆயில் கசிகிறது, புல்லி ஆடுகிறது, போல்ட் அசையவில்லை என்று கேட்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே வைத்துத் தொகுத்திருக்கிறோம். இங்கே வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் இன்ஜினின் டார்க் (போல்ட்டை இறுக்கும் முறுக்கு விசை) அளவு, போல்ட் வகை, டைமிங்கைப் (பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்கும் ஒழுங்கை) பூட்டும் முறை ஆகிய மூன்றையும் சர்வீஸ் மேனுவலில் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

1. கிராங்க் புல்லின்னா எது? ஆயில் சீலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

பிஸ்டன்கள் சுற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முன் முனை இன்ஜினுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனையில் ஒரு பெரிய போல்ட்டால் இறுக்கப்பட்ட சக்கரம்தான் கிராங்க் புல்லி. ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், பல வண்டிகளில் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் பெல்ட் வழியாகச் சுற்றுவது இதுதான். பார்க்க ஒரே துண்டு போலத் தெரிந்தாலும் பெரும்பாலான கார்களில் இது மூன்று அடுக்கு: நடுவில் ஹப், அதைச் சுற்றி ரப்பர் வளையம், வெளியே கனமான இரும்பு வளையம். சிலிண்டர் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் ஷாஃப்ட் நுண்ணிய அளவில் முறுக்கேறித் தளரும். அந்த அதிர்வை ரப்பரும் வெளி வளையமும் சேர்ந்து அடக்குகின்றன. இதை டாம்பர் என்றும் சொல்வது அதனால்தான்.

ஷாஃப்ட் வெளியே வரும் துளையில் ஆயில் வெளியேறாமல் காப்பது முன் ஆயில் சீல். அதன் ரப்பர் உதடு சுற்றும் பரப்பின் மேல் மெல்லிய கோடாக மட்டுமே படும். உதட்டுக்குப் பின்னால் உள்ள வட்டச் சுருள் கம்பி அந்த அழுத்தத்தைக் காக்கிறது. பல இன்ஜின்களில் உதடு உராய்வது ஷாஃப்ட்டின் மேல் அல்ல, புல்லி ஹப்பின் கழுத்தின் மேல். இதை நினைவில் வையுங்கள், 14ஆம் கேள்வியில் தேவைப்படும்.

2. புல்லி கெட்டுப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பக்கவாட்டில் இருந்து புல்லியைப் பாருங்கள். வெளி வளையம் உள்ளும் வெளியுமாக ஆடினால் ரப்பர் பிரிய ஆரம்பித்துவிட்டது. ரப்பரில் வெடிப்பு, வளையத்தை மீறிப் பிதுங்கிய ரப்பர், பெல்ட் அடிக்கடி ஒரு ஓரமாகத் தேய்வது, ஏசி போட்டதும் கீச்சொலி, ஐடிலில் கடகடவென்று ஒரு தட்டல் எல்லாம் அதே கதையைச் சொல்லும்.

ஆட்டம் தெரியவில்லை, ஆனாலும் சந்தேகம் என்றால் வெள்ளைப் பெயின்ட்டால் ஹப்பில் தொடங்கி ரப்பரின் மேலாக வெளி வளையம் வரை ஒரே நேர்க்கோடு போடுங்கள். சில நாள் ஓட்டிய பிறகு கோடு உடைந்து விலகியிருந்தால் வெளி வளையம் நழுவுகிறது. அந்த வளையத்தில்தான் டைமிங் குறி இருக்கிறது என்றால், அந்தக் குறியை இனி நம்பவே கூடாது.

3. அடியில ஆயில் சொட்டுது. கிராங்க் சீல்தான்னு சொல்லிட்டாங்க. நேரா மாத்திடலாமா?

வேண்டாம். ஆயில் மேலிருந்து கீழே வரும், ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். வால்வ் கவர் கேஸ்கட், கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) சீல், ஆயில் பிரஷர் சுவிட்ச், டைமிங் கவர் ஓரம் எது கசிந்தாலும் ஈரம் கடைசியில் கிராங்க் புல்லியின் அடியில்தான் வந்து சேரும். முன்பக்கம் முழுவதையும் பிரேக் கிளீனரால் கழுவிக் காயவிட்டு, பதினைந்து இருபது நிமிடம் ஓட்டி, டார்ச்சோடு மேலிருந்து கீழாகப் பாருங்கள். புல்லிக்குப் பின்னால் மட்டும் ஈரம் தொடங்கி, சுற்றியுள்ள பாகங்களில் ஒரு வட்டக் கோடாகத் தெறித்திருந்தால் அது சீல். புற ஊதா டார்ச்சில் ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலந்து பார்ப்பது இன்னும் தெளிவான வழி.

சீல்தான் என்று உறுதியானாலும் அடுத்த கேள்வி: ஏன் கசிந்தது? வயதும் சூடும் பொதுவான காரணங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் நெடுங்காலம் இருந்தால் விறைத்துவிடும். பலரும் பார்க்கத் தவறும் காரணம் கிராங்க் அறையின் காற்றோட்டக் குழாயும், அந்தக் காற்றை இன்ஜினுக்குள் திரும்ப இழுக்கவிடும் பிசிவி வால்வும். அவை அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் மீறி ஆயிலை வெளியே தள்ளும். பெட்ரோல் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு தடித்த காகிதத்தை வையுங்கள். லேசாக உள்ளிழுத்தால் சரி. காகிதம் தூக்கி எறியப்பட்டால் முதலில் பிசிவியைக் கவனியுங்கள், பிறகு சீலுக்கு வாருங்கள். இந்தச் சோதனையை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றுபவர்கள்தான் சில மாதத்தில் அதே வேலையை மறுபடி செய்கிறார்கள்.

4. கசிவை நிறுத்துற திரவம் ஊத்தினா போதாதா?

அவற்றில் பெரும்பாலானவை ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கும். வெறும் விறைப்பால் கசியும் சீலில் கொஞ்ச காலம் பலன் இருக்கலாம். உதடு கிழிந்திருந்தாலோ உராயும் பரப்பில் பள்ளம் விழுந்திருந்தாலோ ஒன்றும் ஆகாது. அந்தத் திரவம் இன்ஜினின் எல்லா ரப்பரையும் தொடும் என்பதையும் யோசியுங்கள்.

5. எல்லா வண்டியிலயும் புல்லியைக் கழட்டினா சீல் கண்ணுல படுமா?

டைமிங் செயின் உள்ள இன்ஜினில் பொதுவாக ஆம். சீல் டைமிங் கவரில் உட்கார்ந்திருக்கும். புல்லி வந்ததும் அது நேராகத் தெரியும், செயினைத் தொட வேண்டியதில்லை.

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் கதை வேறு. புல்லிக்குப் பின்னால் பிளாஸ்டிக் கவர், அதற்குள் டைமிங் பெல்ட், அதற்கும் பின்னால் கிராங்க் பல்சக்கரம், அதற்குப் பின்னால்தான் சீல். ஆகவே டைமிங் பெல்ட்டைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் மட்டுமே இதில் இறங்க வேண்டும். ஆயிலில் நனைந்த டைமிங் பெல்ட்டைத் துடைத்து மறுபடி போடாதீர்கள். அதன் ரப்பர் ஊறி, பல் பிய்ந்து, பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பெல்ட், அதை விறைப்பாக வைக்கும் டென்ஷனர், கிராங்க் சீல், கேம் சீல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுவதே சரி. ஆயிலிலேயே ஓடும்படி வடிவமைத்த டைமிங் பெல்ட் வேறு வகை, அதற்கு இது பொருந்தாது.

6. கீ இல்லாத கிராங்க்னு சொல்றாங்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். வழக்கமான இன்ஜினில் ஷாஃப்ட்டின் தடத்தில் ஒரு சிறு இரும்புக் கீ இருக்கும். புல்லியும் பல்சக்கரமும் அதில் கோத்துக்கொள்வதால் போல்ட்டைத் தளர்த்தினாலும் டைமிங் மாறாது. சில இன்ஜின்களில் அந்தக் கீயே கிடையாது. போல்ட்டின் இறுக்கம் தரும் உராய்வு மட்டுமே பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும். மாஸ்டாவின் எல் வரிசை இன்ஜின்களும், அவற்றின் வழிவந்த ஃபோர்டு டியூராடெக் 2.0, 2.3 லிட்டர் இன்ஜின்களும் இப்படிப்பட்டவை.

இவற்றில் போல்ட் தளர்ந்த நொடியே டைமிங் காப்பாரற்றுப் போகும். எனவே கேம்களைப் பூட்டும் தகடு, கிராங்க்கை நிறுத்தும் முள் ஆகியவற்றை முதலில் பொருத்திய பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். அந்த முள்ளும் தகடும் நிலையைக் காட்டத்தான், போல்ட்டின் விசையைத் தாங்க அல்ல. அவற்றை நம்பிப் போல்ட்டைத் திருப்பினால் முள் வளையும், அல்லது பிளாக்கில் உள்ள துளை உடையும். புல்லியைத் தனியாக ஒரு கருவியால் பிடித்தே தளர்த்தவும் இறுக்கவும் வேண்டும். புதுப் போல்ட் கட்டாயம், உராய்வு வளையங்கள் இருந்தால் அவையும் புதிது.

7. என்னென்ன கருவி, என்னென்ன பார்ட்ஸ் வாங்கி வெச்சுக்கணும்?

அரை அங்குல டிரைவ் பிரேக்கர் பார், அதற்குப் பொருந்தும் அறுமுனை சாக்கெட். போல்ட் தலை பல கார்களில் 17, 19, 21 அல்லது 22 மில்லிமீட்டர். பன்னிருமுனை சாக்கெட் தலையை உருட்டிவிடும், வேண்டாம். 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் காட்டும் டார்க் ரெஞ்ச், கோணம் அளக்கும் வட்டு, புல்லியைப் பிடிக்கும் கருவி, ஹப்பின் மரைத் துளைகளில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர், கொக்கி போன்ற சீல் எடுப்பான், ஜாக்கியோடு இரண்டு ஸ்டாண்ட், ஆழம் அளக்க வெர்னியர். புதுச் சீலைத் தள்ள, அதன் வெளி விட்டத்துக்குச் சற்றே சிறிய பெரிய சாக்கெட்டோ நேராக வெட்டிய பிவிசி குழாய்த் துண்டோ போதும்.

பாகங்களில் சீல், புல்லி, போல்ட் மூன்றும். சீலின் முகத்தில் 35×50×8 போல மூன்று எண்கள் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். அளவு ஒத்துப்போவது மட்டும் போதாது, ரப்பர் வகையும் சுழலும் திசையும் ஒத்துப்போக வேண்டும். 200 டிகிரி வரை தாங்கும் எஃப்கேஎம் ரப்பரில் கிடைத்தால் அதையே எடுங்கள். பெல்ட் ஆயிலில் நனைந்திருந்தால் அதுவும் புதிது.

8. இன்ஜின் ஆயிலை வடிக்கணுமா?

பொதுவாகத் தேவையில்லை. சீல் இருக்கும் உயரம் சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) நிற்கும் ஆயில் மட்டத்துக்கு மேலே. கவரில் தங்கியிருப்பது கொஞ்சம் வழியும், ஒரு தட்டு வையுங்கள்.

9. வேலையை எந்த வரிசையில ஆரம்பிக்கணும்?

இன்ஜின் முழுக்க ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். இன்ஜின் குறுக்காக வைத்த கார்களில் புல்லி ஒரு சக்கரத்துக்கு நேர் உள்ளே இருக்கும். அந்தச் சக்கரத்தின் நட்டுகளைத் தரையிலேயே லேசாகத் தளர்த்தி, பிறகு ஜாக்கியில் தூக்கி, உடனே ஸ்டாண்டில் இறக்குங்கள். பிரேக்கர் பாரில் முழு பலத்தோடு இழுக்கப்போகிறீர்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் அதைச் செய்வது உயிரோடு விளையாடுவது.

சக்கரத்தையும் உள் பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்தால் புல்லி தெரியும். பெல்ட் எந்த வழியாகச் சுற்றி வருகிறது என்று படம் பிடியுங்கள். டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை உருவுங்கள். கையில் உள்ள சாக்கெட் போதிய இடத்தோடு நேராக உட்காருகிறதா என்று இப்போதே பாருங்கள். சில வண்டிகளில் ஒரு இன்ஜின் மவுன்ட்டை எடுத்தால்தான் இடம் கிடைக்கும். அப்படியென்றால் சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் தாங்கிய பிறகே மவுன்ட்டைத் தொடுங்கள்.

10. போல்ட் அசையவே மாட்டேங்குது. என்ன பண்றது?

முதலில் திசை. பெரும்பாலான போல்ட்கள் வலக்கை மரை, இடப்பக்கம் சுற்றினால் தளரும். விதிவிலக்கு இருக்கிறதா என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள். பழைய போல்ட்டைக் கிளப்ப 350 நியூட்டன் மீட்டர் கூடத் தேவைப்படலாம். அரை மீட்டர் பாரில் அது ஏறக்குறைய 70 கிலோ எடை, பாரின் மேல் குழாய் செருகி ஒரு மீட்டராக்கினால் 35 கிலோ. எக்ஸ்டென்ஷன் போட்டால் அதன் வெளி முனையை ஒரு ஸ்டாண்டின் மேல் தாங்குங்கள். சாக்கெட் சாய்ந்தால் விசை வீணாவதோடு போல்ட் தலையும் போகும்.

அடுத்தது ஷாஃப்ட் திரும்பாமல் பிடிப்பது. இதற்காகவே செய்த புல்லி பிடிப்பான் தான் சிறந்தது. பல ஹோண்டா புல்லிகளில் நடுவில் 50 மில்லிமீட்டர் அறுகோணக் குழி இருக்கும், அதற்கென்றே கருவி கிடைக்கிறது. மேனுவல் கியர் வண்டி என்றால் உயர்ந்த கியரில் போட்டு, இன்னொருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் போதும். ஆட்டோமேட்டிக்கில் கீழ் மூடியைத் திறந்து ஃபிளைவீலின் பல்லைப் பூட்டும் கருவியைப் போடலாம். வெளி வளையத்தைச் செயின் ரெஞ்ச்சால் பிடித்து இழுப்பது ரப்பரைத்தான் முறுக்கும். தூக்கிப்போடப்போகும் புல்லி என்றால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்குள் நைலான் கயிறு நுழைக்கும் முறையும் உண்டு. கழற்றும்போது ஷாஃப்ட் பின்னோக்கித் திரும்பும். எனவே வெடிப்பு வீச்சில் பிஸ்டன் ஓரளவு இறங்கிய நிலையில், இரண்டு பக்க வால்வும் மூடியிருக்கும்போது கயிற்றை நிரப்பி, அதன் வாலை வெளியே விடுங்கள். நிலை தவறினால் திறந்திருக்கும் வால்வு வளையும். உறுதியாகத் தெரியாவிட்டால் இந்த வழியை விட்டுவிடுங்கள். கழற்றுவதற்கு மட்டும் இம்பாக்ட் ரெஞ்ச் நல்ல துணை. நீண்ட நேரம் அடிக்காமல் சில விநாடிகள் விட்டுவிட்டு அடியுங்கள். நெருப்பு காட்டாதீர்கள். அங்கே ரப்பரும் ஆயிலும் இருக்கின்றன.

11. பாரைத் தரையில முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தடவை அடிச்சா போல்ட் கழண்டுடும்னு வீடியோவுல பார்த்தேனே?

கழலும், பல நேரம். பார் நழுவினால் கை எலும்பையோ ரேடியேட்டரையோ உடைக்கும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் இன்னும் மோசம். பழைய ஹோண்டா டி, பி, எஃப், எச் வரிசை இன்ஜின்கள் எதிர்த்திசையில் சுழல்பவை. அவற்றில் இதே வேலை போல்ட்டை மேலும் இறுக்கும். 6ஆம் கேள்வியில் சொன்ன கீ இல்லாத இன்ஜினில் செய்தால் டைமிங் அந்த இடத்திலேயே போய்விடும். பிடிப்பான் கருவி கிடைக்கும்போது இதற்கு அவசியமே இல்லை.

12. போல்ட் வந்துடுச்சு. புல்லி வரமாட்டேங்குது.

சில புல்லிகள் கையால் ஆட்டினாலே வரும், சில அழுத்திப் பொருத்தப்பட்டவை. இரண்டாவது வகைக்கு ஹப்பில் மரைத் துளைகள் இருக்கும். புல்லரின் போல்ட்கள் அந்தத் துளையில்தான் போக வேண்டும். மூன்று நகப் புல்லரை வெளி வளையத்தில் மாட்டி இழுத்தால் வளையம் மட்டும் கழன்று கையில் வரும், ஹப் அங்கேயே நிற்கும். புல்லரின் நடு முனை ஷாஃப்ட்டின் உள் மரையில் குத்தாமல் இருக்க, இடையில் ஒரு தட்டையான தாங்கி வையுங்கள். இரண்டு ஸ்க்ரூ டிரைவரை நெம்பினால் அலுமினியக் கவர் விரிசல் விடும். புல்லி வரும்போது கீ கீழே விழுந்துவிடாமல் கவனியுங்கள்.

13. பழைய சீலை ஷாஃப்ட்ல கீறல் விழாம எப்படி எடுக்கிறது?

எடுப்பதற்கு முன் ஒரு அளவு எடுங்கள்: சீலின் முகம் கவரின் விளிம்புக்கு எவ்வளவு உள்ளே இருக்கிறது, அல்லது சமமாக இருக்கிறதா. பழைய சீல் போன பிறகு இதை அறிய வழியில்லை.

கொக்கி எடுப்பானை உதட்டுக்கு அடியில் நுழைத்து, நெம்புமிடத்தில் ஒரு மரத்துண்டை வைத்து, ஒரே இடத்தில் அல்லாமல் சுற்றிச் சுற்றி நெம்புங்கள். வரவில்லை என்றால் சீலின் முகத்தில், உதட்டுக்கும் வெளி விளிம்புக்கும் நடுவே, 2 மில்லிமீட்டர் துளை போட்டு ஒரு சிறு திருகை ஏற்றி, அதைக் குறடால் பிடித்து இழுக்கலாம். துளைக்கும் பிட்டின் முனையில் கிரீஸ் அப்பினால் இரும்புத் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். பிட் சீலின் தகட்டைத் தாண்டி ஆழமாகப் போகக் கூடாது. ஷாஃப்ட்டில் நீளவாக்கில் விழும் ஒரு கீறல் புதுச் சீலுக்கு நேர் வழி வெட்டிக்கொடுத்த வாய்க்கால் மாதிரி, ஆயில் அதன் வழியே வந்துகொண்டே இருக்கும். சீல் உட்காரும் துளையில் விழும் கீறலும் ஆயில் வரும் வழிதான்.

14. சீல் உரசுற இடத்துல ஒரு பள்ளம் தெரியுது. அப்படியே புது சீல் போட்டா நிக்குமா?

நகத்தை அதன் குறுக்கே ஓட்டுங்கள். பளபளக்கும் கோடு மட்டும் தெரிந்து நகம் தடுக்கவில்லை என்றால் 600 எண் எமரி தாளால், ஆயில் தொட்டு, சுற்றுவட்டமாக மட்டும் மென்மையாகத் தேய்த்துத் துடைத்துவிட்டால் போதும். நகம் சிக்கினால் புதுச் சீல் நெடுநாள் நிற்காது. சீல் மாற்றியும் கசிகிறது என்று வருபவர்களில் பலருக்கும் இந்தப் பள்ளம்தான் காரணம்.

உதடு புல்லி ஹப்பின் கழுத்தில் உராயும் இன்ஜின் என்றால் புதுப் புல்லியோடு பள்ளமும் போய்விடும். புல்லியையும் சீலையும் சேர்த்து மாற்றச் சொல்வது இதற்காகத்தான். ஷாஃப்ட்டிலேயே பள்ளம் என்றால் இரண்டு வழி. மெல்லிய எவர்சில்வர் பழுதுநீக்கும் உறை கிடைக்கிறது. கால் மில்லிமீட்டர் அளவே தடிமன் என்பதால் அதே அளவுச் சீல் பொருந்தும். இல்லையென்றால், இடம் இருந்தால், புதுச் சீலை 1 முதல் 2 மில்லிமீட்டர் முன்னோ பின்னோ உட்காரவைத்து உதட்டைப் பள்ளமில்லாத இடத்துக்கு நகர்த்தலாம். ஆழமாகத் தள்ளும்போது உள்ளே ஆயில் திரும்பும் துளையை அடைத்துவிடக் கூடாது.

15. புது சீலை எந்தப் பக்கமா போடணும்? ஆயில் தடவணுமா, வேண்டாமா?

சுருள் கம்பி தெரியும் பக்கம் இன்ஜினுக்குள், ஆயில் பக்கம். சீலில் அம்புக்குறி இருந்தால் அது ஷாஃப்ட் சுழலும் திசை.

ஆயில் விஷயத்தில் சீலின் வகையைப் பாருங்கள். கம்பியோடு வரும் ரப்பர் உதட்டுக்கு உள்ளே சுத்தமான இன்ஜின் ஆயில் தடவ வேண்டும், காய்ந்து ஓடினால் முதல் நிமிடத்திலேயே கருகும். உதடு தட்டையாக, கம்பியே இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் வளையத்தின் மேல் வருவது பிடிஎஃப்இ வகை. அதற்கு ஆயிலும் கிரீஸும் கூடாது, உதட்டை விரலால் தொடவும் கூடாது. அந்த வளையத்தோடே ஷாஃப்ட்டில் ஏற்றி, ஏறியதும் வளையத்தை உருவி, உதடு சுருங்கிப் பிடிக்கச் சீல் தயாரிப்பாளர் சொன்ன நேரம் வரை இன்ஜினைச் சுற்றாமல் விடுங்கள்.

ஷாஃப்ட்டின் கீ தடத்தின் விளிம்பு கூர்மையானது. அதன் மேல் மெல்லிய டேப் ஒட்டிச் சீலை ஏற்றி, பிறகு டேப்பை எடுத்துவிடுங்கள். சுற்றிலும் சமமாக, சிறு சிறு தட்டாகத் தள்ளி, 13இல் எடுத்த ஆழத்துக்குக் கொண்டுவாருங்கள். நான்கு இடத்தில் வெர்னியர் வைத்துப் பாருங்கள், சாய்வு கூடாது. வெளிப்புறம் ரப்பர் பூசிய சீலுக்குச் சிலிக்கோன் தேவையில்லை. சில புல்லிகளில் கீ தடம் ஹப்பின் உள்ளே முழு நீளமும் ஓடும், அந்தத் தடத்தின் வழியே ஆயில் வரும். மேனுவல் சொல்லியிருந்தால் அங்கே மட்டும் ஒரு துளி சிலிக்கோன் வையுங்கள்.

16. புல்லியைச் சுத்தியலால தட்டி ஏத்தலாமா?

கூடாது. அடி ஷாஃப்ட்டின் வழியாகத் தள்ளுவிசை பேரிங்கில் போய் இறங்கும், புல்லியின் ரப்பரும் பிரியும். தளர்வாகப் பொருந்தும் புல்லியின் கழுத்தில் ஆயில் தடவி (பிடிஎஃப்இ சீல் என்றால் தடவாமல்), கீயோடு நேராக்கி, கையால் தள்ளிப் போல்ட்டை ஏற்றுங்கள். அழுத்திப் பொருத்தும் வகைக்கு நீண்ட மரைத் தண்டு உள்ள ஏற்றுக் கருவி வேண்டும். கருவி இல்லாமல் புல்லியின் போல்ட்டையே வைத்து இழுத்தால் முதலில் சில சுற்று மரை மட்டுமே பிடித்திருக்கும். ஷாஃப்ட்டின் மரை உரிந்துபோகும், அதன் பிறகு இது வீட்டு வேலை அல்ல.

17. பழைய போல்ட்டையே போடலாமா? எவ்வளவு இறுக்கணும்?

குறிப்பிட்ட டார்க்குக்குப் பிறகு 90 டிகிரி போல ஒரு கோணம் சேர்த்து இறுக்கச் சொல்லியிருந்தால், அந்தப் போல்ட் பெரும்பாலும் நீண்டு பிடிக்கும் வகை. ஒரு முறைதான் உபயோகம். டார்க் மட்டும் சொல்லியிருந்தால் மரையையும் தலைக்கு அடிப் பரப்பையும் பார்த்து மறுபடி போடலாம்.

அளவு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். 100 முதல் 250 நியூட்டன் மீட்டர் வரை சாதாரணம், சிலவற்றில் அதற்கும் மேல். மரையைச் சுத்தம் செய்து, மேனுவல் சொன்னால் மட்டும் ஆயில் தடவுங்கள். ஆயில் பட்ட மரையில் அதே டார்க்குக்குப் போல்ட் அதிகமாக நீளும், காய்ந்த மரையில் பிடிப்பு குறையும். இம்பாக்ட் ரெஞ்ச்சால் இறுக்காதீர்கள். அது எவ்வளவு இறுக்கியது என்று யாருக்கும் தெரியாது. இறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து புல்லிக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள், பின்னால் தளர்ந்தால் பார்த்ததும் தெரியும். டைமிங் பெல்ட்டைக் கழற்றிய இன்ஜினில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேர்நிற்பதைப் பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.

18. எல்லாம் சரியாப் பண்ணியும் ஆயில் வருது.

முதலில் மறுபடி கழுவிப் பாருங்கள், முன்பு தெறித்த ஆயில் இடுக்குகளிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கலாம். உடனே அதிகமாக வந்தால் ஏற்றும்போது உதடு மடிந்திருக்கும், அல்லது சுருள் கம்பி கழன்று விழுந்திருக்கும். நிதானமாக வந்தால் சாய்ந்த சீல், 14இல் சொன்ன பள்ளம், பிடிஎஃப்இ உதட்டில் ஆயில் தடவியது ஆகியவற்றை ஆராயுங்கள். சில நூறு கிலோமீட்டர் காய்ந்திருந்து பிறகு தொடங்கினால் 3இல் சொன்ன காகிதச் சோதனைக்குத் திரும்புங்கள். சில இன்ஜின்களில் சீல் உட்காரும் ஆயில் பம்ப்பின் கேஸ்கட்டோ கவரின் ஓரமோ கசிந்து சீல் போலவே காட்டும்.

19. புது புல்லி போட்டதுல இருந்து வைப்ரேஷன். செக் இன்ஜின் லைட்டும் எரியுது.

சில இன்ஜின்களில் புல்லியில் சமன்படுத்தும் எடையும் சேர்ந்தே வரும். தோற்றத்தில் அதே போன்ற வேறு புல்லி போட்டால் இன்ஜின் முழுவதும் அதிரும். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து எடை, தடிமன், பள்ளங்களின் எண்ணிக்கை, குறியின் இடம் எல்லாம் ஒப்பிடுங்கள். ரப்பர் இல்லாத மெலிந்த புல்லிகளைத் தவிர்த்துவிடுங்கள், அவை முறுக்கதிர்வை அடக்குவதில்லை. லைட்டுக்குக் காரணம் பெரும்பாலும் கிராங்க் சென்சார். சில வண்டிகளில் அது படிக்கும் பல் வளையம் புல்லியிலேயோ பின்னால் உள்ள பல்சக்கரத்திலேயோ இருக்கும். பல் வளைந்ததா, சென்சாரின் ஒயர் பெல்ட்டில் மாட்டியதா, அதன் முனையில் இரும்புத் துகள் ஒட்டியதா என்று பாருங்கள்.

20. போல்ட் ஒரு தடவை லூஸ் ஆச்சு, இறுக்கினேன். திரும்பவும் லூஸ் ஆகுது. இன்னும் பலமா இறுக்கலாமா?

இறுக்கம் இதைத் தீர்க்காது. போல்ட் தளர்ந்திருந்த காலத்தில் புல்லியோ பல்சக்கரமோ கீயில் முன்னும் பின்னும் அடித்துக்கொண்டிருக்கும். கீ நசுங்கும், ஷாஃப்ட்டின் தடம் அகலும், அதன் பிறகு எந்தப் போல்ட்டும் நிற்காது. புல்லியைக் கழற்றிப் புதுக் கீயைத் தடத்தில் வைத்து அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் தொடக்கக் கால 1.6 லிட்டர் இன்ஜின்கள் இதற்குப் பெயர்போனவை. அவற்றில் ஷாஃப்ட்டின் முன் மூக்கு குட்டை. போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் கீ தடம் தின்னப்பட்டு, டைமிங் பின்வாங்கி, வண்டியின் இழுவை குறையும். 1991இல் மூக்கை நீட்டி அந்தக் குறையைச் சரிசெய்தார்கள்.

தடத்தில் ஆட்டம் இல்லை என்றால் புதுக் கீ, புதுப் போல்ட், புதுப் புல்லி போட்டு 17இல் சொன்னபடி இறுக்கினால் நிற்கும். தடம் அகன்றிருந்தால் ஷாஃப்ட்டைக் கடைசல் பட்டறையில் காட்டுங்கள், அல்லது ஷாஃப்ட்டை மாற்றுங்கள். அதுவரை அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.